வண்டி எந்தப் பக்கம்?

1992-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள். இரவு மணி ஏழேமுக்கால். மேற்கு வங்கத்தில் மதுராப்பூர் என்றோர் இரயில் நிலையம். அங்கே இரயிலிலிருந்து கீழே விழுந்தார் ஒரு விவசாயத் தொழிலாளி. தலையிலே பலத்த அடி. மூளைக்குள்ளே இரத்தக் கசிவு.

ஊரிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வசதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். கல்கத்தா நகரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இரவு 11.45 மணிக்கு முதல் ஆஸ்பத்திரி. பரிசோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், உடனே சேர்க்கவேண்டிய நோயாளி என்று எழுதவும் செய்தார்கள். ஆனால் படுக்கை காலியில்லை! நள்ளிரவு 12.20-க்கு இரண்டாவது ஆஸ்பத்திரி. அங்கும் படுக்கையில்லை. ஒரு மணிக்கு மூன்றாவது. அங்கே தலைக்காயத்துக்கான அவசரப் பிரிவே கிடையாது. இரண்டு மணிக்கு நான்காவது. மீண்டும் படுக்கையில்லை. இதற்கிடையே 1,310 ரூபாய் கொடுத்துத் தனியாரிடம் ஸ்கேன் எடுத்தார்கள். பொழுது விடிந்து எட்டு மணிக்கு ஐந்தாவது. ஸ்கேனைப் பார்த்தார்கள், இந்த அவசரத்தைச் சமாளிக்க இங்கே இயலாது என்று கூறிவிட்டார்கள். பத்து மணிக்கு ஆறாவது. அங்கே மூளை அறுவைக்கு வசதியில்லை.

ஆறும் அரசாங்க ஆஸ்பத்திரிகள்! ஆறு வாசற்படி ஏறி, ஆறு வாசற்படி இறங்கியது அந்த உடைந்த தலை. கடைசியில் ஏழாவதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஜூலை 22 வரை அங்கே கிடந்தார். செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய். வயலிலே கூலி வேலை செய்கிறவருக்கு, 1992-ஆம் ஆண்டிலே, 17,000 ரூபாய்!

ஆனால், தோழர்களே, அந்தத் தொழிலாளி ஆதரவற்றவர் அல்லர். அவருக்கு ஒரு சங்கம் இருந்தது. பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் சங்கம். அந்தச் சங்கம் சும்மா இருக்கவில்லை. உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1996-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அவசர நேரத்தில் தக்க சிகிச்சையை அரசு ஆஸ்பத்திரி மறுப்பது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்றது நீதிமன்றம். 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்கு, படுக்கை காலியாக இருக்கிறது என்று உடனே அறிந்து, நோயாளியை நேரே அங்கே அனுப்பும் மையச் செய்தித் தொடர்பு மாநிலம்தோறும் வேண்டும். போதிய கருவிகளும் மருத்துவம் தெரிந்த ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ்கள் வேண்டும் என்றும் வழி சொன்னது.

பணக்காரரின் வழக்கால் வந்த தீர்ப்பன்று இது. ஒரு கூலித் தொழிலாளியின் உடைந்த தலையும், அவருடைய சங்கத்தின் உடையாத உறுதியும் பெற்றுத் தந்த தீர்ப்பு. எனவே, ஆம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது ஏதோ டாக்டர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் சங்கதி என்று நாம் ஒதுங்கியிருக்கலாகாது. அது நம்முடைய சங்கதி.

வண்டிக்குள் நடப்பது என்ன?

தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியது 2008-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில். கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது. அதற்கு முன் நமக்குத் தெரிந்த ஆம்புலன்ஸ் எது? வாடகைக்கார், ஆட்டோ, குட்டியானை வண்டி, கிராமத்திலே கட்டிலைக் கவிழ்த்துக் கட்டிய தூளி! இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. நோயாளியிடம் காலணாக் காசு வாங்குவதில்லை.

அந்த வண்டியில் வருகிறவர்கள் இருவர். வண்டி ஓட்டுகிறவரைப் பைலட் என்கிறார்கள். மற்றவர் மருத்துவ உதவியாளர், ஈ.எம்.டி. என்பது அவருக்கு வழங்கும் பெயர். வந்து இறங்கியதும் அவர் முதலில் பார்ப்பது மூச்சு. பிறகு நாடி, இரத்தப்போக்கு, நினைவு. அதன் பிறகுதான் "எங்கே?" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குள்ளே நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன.

இந்த நோய்க்கு என்ன தேவை? அந்தத் தேவை, இந்த நேரத்தில், எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம்? அதுவரை இவர் தாங்குவாரா?

இந்த நான்குக்கும் விடை காண அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஐயம் ஏற்பட்டால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் தொலைபேசியில் கேட்கிறார். முடிவானதும், இன்ன காயத்தோடு இன்னாரை அழைத்து வருகிறோம் என்று ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உயிருக்குப் போராடுகிறவர் சிவப்பு. சற்றுப் பொறுக்கலாம் என்பவர் மஞ்சள். சிறு காயக்காரர் பச்சை. வரிசையில் முதலில் வந்தவருக்கல்ல, ஆபத்து மிகுந்தவருக்கே முதலிடம். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சிவப்புக்காரருக்கு அங்கே ஆட்கள் ஆயத்தமாக இருப்பார்கள். 1992-ல் கல்கத்தாவில் இல்லாமற்போனது இதுதான்.

அருகிலா, தகுதியா?

"பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, இவன் ஏன் பத்து மைல் சுற்றுகிறான்?" என்று வண்டிக்காரரை வைகிற தோழர்கள் நம்மிலே உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பக்கத்தில் இருப்பது கட்டடமா, சிகிச்சையா?

தலையில் அடிபட்டவருக்கு வேண்டியது ஸ்கேனும், மண்டையைத் திறந்து இரத்தத்தை வெளியேற்றத் தெரிந்த கையும். அவை இல்லாத இடத்தில் இறக்கினால் என்ன ஆகும்? கட்டுப் போடுவார்கள், சீட்டு எழுதுவார்கள், மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மீண்டும் வண்டி, மீண்டும் வழி. போன நேரம் போனதுதான்!

பக்கவாதத்தைப் பாருங்கள். காலையில் பல் துலக்கும்போது வாய் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது. மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். ஆனால் அதே நோய் இரத்தக் கசிவால் வந்ததென்றால் அந்த மருந்தே எமனாகிவிடும். அடைப்பா, கசிவா என்று காட்டுவது ஸ்கேன். ஆகவே, ஸ்கேன் இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் படுக்கவைத்திருப்பது சிகிச்சையாகாது; அது காலக்கொலை. இலண்டன் நகரத்தில் 2010-ஆம் ஆண்டு ஒரு மாறுதல் செய்தார்கள். ஊரெங்கும் சிதறிக் கிடந்த பக்கவாதச் சிகிச்சையை எட்டே ஆஸ்பத்திரிகளில் குவித்தார்கள். ஆம்புலன்ஸ்கள் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிக்கொண்டு அந்த எட்டில் ஒன்றுக்குப் போயின. பக்கத்தைத் தாண்டியதால் சாவு கூடிற்றா? இல்லை, குறைந்தது!

அப்படியானால் எப்போதும் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிதானா? அதுவும் தவறு. மூச்சுக் குழாய் அடைத்துக்கொண்டு, வண்டியிலே வைத்துச் சரிசெய்ய முடியவில்லை என்றால், எந்த ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறதோ அங்கே முதலில் நுழையவேண்டும். பாம்பு கடித்தவரை விஷமுறிவு மருந்து இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டி நகரத்துக்கு விரட்டிக்கொண்டு போவது அறிவீனம். முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு பிறகு போகலாம். தீக்காயத்துக்குச் சென்னையில் கீழ்ப்பாக்கம், குழந்தைக்கு எழும்பூர். வலிவந்த தாயின் பேறு சிக்கலானது என்றால், எந்நேரமும் அறுவையும் இரத்தமும் கிடைக்கும் பேறுகால மையம். இடத்தைக் காட்டுவது நோய். தூரம் அதற்கு அடுத்தபடி.

ஸ்டியரிங்கைத் திருப்ப வரும் கைகள்

காயம் காட்டுகிற வழியிலே வண்டி போகவேண்டும் என்பது நியாயம். ஆனால் நடப்பில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப எத்தனை கைகள் நீள்கின்றன!

முதற்கை, பணத்தின் கை. விபத்து நடந்த இடத்தில் மோப்பம் பிடித்து வந்து நிற்கும் சில தனியார் வண்டிகளைப் பற்றிய புகார் புதிதன்று. ஆளை ஏற்று, இன்ன ஆஸ்பத்திரியில் இறக்கு, தலைக்கு இவ்வளவு கமிஷன் வாங்கு என்ற வியாபாரம்! மாட்டுச் சந்தையில் தரகன் துண்டுக்குள்ளே விரல் பிடிப்பான். மனிதச் சந்தையில் அதுவும் தேவையில்லை. மயங்கிக் கிடப்பவர் பேரம் பேசவா போகிறார்?

இரண்டாவது கை, முதலாளியின் கை. இதைத் தொழிலாளத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். பிரஸ் மிஷினில் ஒரு தோழனுடைய விரல் போய்விடுகிறது. உடனே கம்பெனிக் கார் வருகிறது. "ஆம்புலன்ஸ் எதற்கு? நம்ம டாக்டர் இருக்கிறார்" என்று பரிவோடு பேசுகிறார் மேனேஜர். அந்தப் பரிவிலே சில இடங்களில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். தெரிந்த டாக்டரிடம் போனால் விபத்து வெளியே வராது. மிஷினுக்குப் பாதுகாப்பு மூடி இருந்ததா என்ற கேள்வி எழாது. அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டிலே ஏறும். நாளைக்கு நஷ்டஈடு கேட்கும்போது அந்தத் தாள் பேசும். அது மட்டுமா? அறுந்த விரலைத் திரும்பப் பொருத்துவது எல்லா டாக்டருக்கும் கைவந்த கலையல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு அதற்கென்றே பெயர் பெற்றது. எத்தனையோ தொழிலாளர்களுக்குக் கையைத் திருப்பித் தந்த இடம் அது. அறுந்த விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வைத்து, ஆளோடு சேர்த்து அனுப்பவேண்டும். பனிக்கட்டி விரலை நேரே தொடக்கூடாது. இதை ஒவ்வொரு ஷாப்பிலும் ஒரு தோழனாவது தெரிந்து வைத்திருக்கவேண்டும். கம்பெனிக் காரில் சந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தவனுக்கு, விரலும் போகும், வழக்கும் போகும்!

மூன்றாவது கை, உறவின் கை. "அரசாங்க ஆஸ்பத்திரியா? எங்கள் அப்பாவையா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று வண்டியை மறித்து நிற்கும் மகனைப் பார்த்திருக்கிறோம். அவனுடைய அன்பை நாம் குறை சொல்லவில்லை. நினைவோடு இருக்கும் நோயாளிக்கும், அருகில் இருக்கும் உறவினருக்கும் தம் விருப்பத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் இருப்பதால் அங்கே இரவு இரண்டு மணிக்கு அறுவை டாக்டர் இருப்பார் என்று பொருளா? முன்பணம் கட்ட நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடி, மூன்றாம் நாள் பணம் தீர்ந்து, நான்காம் நாள் அதே அரசு மருத்துவமனைக்கு, நிலைமை முற்றிய பிறகு, கொண்டு வருகிற குடும்பங்கள் எத்தனை!

நான்காவது கை? சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். அது நம்முடைய கை! வட்டச் செயலாளர் போன் செய்கிறார். "நம்ம ஆள், இன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்கிறார். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் நோயாளியின் இரத்த அழுத்தம் என்னவென்று அவருக்குத் தெரியுமா? தெரிந்த உதவியாளர் அருகில் உட்கார்ந்திருக்கிறார். தெரியாத செயலாளர் உத்தரவு போடுகிறார்! பொதுக்கூட்டம், ஊர்வலம் என்றால் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறோமே, அப்போது சைரன் ஒலி கேட்டால் இரண்டாகப் பிளந்து வழிவிட நம் தொண்டர்களுக்குப் பழக்கியிருக்கிறோமா? ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டைக் கூட்டுவோம்.

சட்டம் நம் பக்கம்

ஸ்கூட்டரில் போன ஒருவர் காரில் அடிபட்டார். தூக்கிச் சென்ற ஆஸ்பத்திரி, போலீஸ் கேசைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்று இருபது கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் உயிர் போயிற்று. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துத் தொடுத்த வழக்கில்தான், 1989-ஆம் ஆண்டு, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் உயிரைக் காக்கவேண்டும், போலீஸ் சடங்குகள் பிறகு, என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடிபட்டவரைத் தூக்கி உதவுகிறவர்மேல் வழக்குத் தொடுக்க இடமில்லை. "எதற்கு வம்பு? கோர்ட்டுக்கு இழுப்பார்கள்" என்று ஒதுங்கிப் போக இனிமேல் சாக்கு இல்லை. அந்தச் சட்டமே, அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று குறிக்கிறது.

செலவு பற்றிய அச்சத்துக்கும் ஒரு மருந்து வந்தது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்ற திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, சேர்க்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில், அரசின் செலவில் தருவது. தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை. 2025 மே மாதம் மத்திய அரசும் சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாளுக்கு ஒன்றரை இலட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று அறிவிக்கை வெளியிட்டது. இதன் அருமை என்ன? வண்டி புறப்படும்போதே மடியில் பணம் இருக்கிறதா என்ற கேள்வியை அப்பால் தள்ளுவதுதான். பணக் கேள்வி ஒழிந்தால்தான் காயக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

முடிவெடுப்பவரும் தொழிலாளியே

வண்டியில் வருகிறவர் வெறும் சுமைதூக்கி என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்னும் எஃகு நகரம். அங்கே நோயாளியைத் தூக்கிச் சென்றவை போலீஸ் வண்டிகளும் பிண ஊர்திகளுந்தாம். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் வட்டாரத்தில் போலீஸ் வண்டிக்குக் காத்திருப்பதும் சாவுக்குக் காத்திருப்பதும் ஒன்றாக இருந்தது. 1967-ஆம் ஆண்டில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை அங்கே பிறந்தது. வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைத் திரட்டி, பீட்டர் சஃபார் என்னும் டாக்டர் பயிற்சி கொடுத்தார். சோம்பேறிகள் என்று ஊரார் ஏசியவர்கள், வழியிலேயே உயிர்காக்கும் வித்தையில் நாட்டுக்கே முன்னோடிகள் ஆனார்கள். ஆனால் 1975-ல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி, அவர்களுடையதை மூடிவிட்டது. பாடுபட்டவர் ஒருவர், பலனெடுத்தவர் வேறொருவர். நமக்குத் தெரியாத கதையா இது?

நம் ஊர் 108 வண்டியில் இருப்பவரும் உழைப்பாளிதான். அரசின் பணத்தில், ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்தின் கீழ் உழைக்கிறவர். வேலை நேரம், ஊதியம் என்று பலமுறை குரல் எழுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் சைரன் ஒலியோடு சுற்றிய மூளை, பதின்மூன்றாவது அழைப்பிலே சரியான ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, இது நியாயமா? எட்டு மணி நேர வேலை அவருக்கு மட்டும் சலுகையாகுமா? அது ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கும் பாதுகாப்பு. அவருடைய கோரிக்கைக் கூட்டத்துக்கு நாம் போய் நிற்கவேண்டும். நம்முடைய மூச்சு அவர் கையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

கிளைக் கழகம்தோறும், சங்கத்து ஷாப் கமிட்டிதோறும் ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள். நம் வட்டாரத்தில் இரவிலும் ஸ்கேன் எங்கே? அறுவை டாக்டர் எங்கே? விஷமுறிவு மருந்து எங்கே? பேறுகாலச் சிக்கலுக்கு எங்கே? நேரே போய்க் கேட்டு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். பலகையில் இடம் காலியாக இருந்தால், அதுவே நம் அடுத்த கோரிக்கை மனு!

அழைக்கும்போது இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்; பெட்ரோல் பங்க், கோயில், பள்ளிக்கூடம் என்று அடையாளம் கொடுங்கள். எத்தனை மணிக்கு நேர்ந்தது என்று பார்த்துவையுங்கள். பக்கவாதத்துக்கு அந்த மணிக்கணக்கே பாதி மருந்து. சர்க்கரை, அழுத்தம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மானம் பிறகு, உயிர் முதலில். உதவியாளர் ஓர் ஆஸ்பத்திரியைச் சொன்னால், ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். காரணம் சொன்னால் வழிவிடுங்கள். ஒருவர் வண்டியில் கூடப் போங்கள். இருவர் இரத்தம் கொடுக்கப் பின்னால் போங்கள். பத்துப் பேர் போய் வாசலை அடைக்காதீர்கள்.

வேலை செய்யும்போது அடிபட்டால், வேலையில் பட்ட அடி என்றே ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மேனேஜர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆட்சியில் எவர் இருந்தாலும் நாம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. 1996-ல் ஒரு கூலித் தொழிலாளியின் பெயரால் உச்சநீதிமன்றம் சொன்னதே, எங்கே படுக்கை என்று உடனே தெரிந்து நேரே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு, அது ஒவ்வொரு தாலுகாவிலும், ஒவ்வோர் இரவிலும், குறைவில்லாமல் நடக்கிறதா? நடக்காத இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். வண்டி கொடுத்தோம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. வண்டி போய் நிற்கும் வாசலில் டாக்டரும் இருக்கவேண்டும்.

மதுராப்பூர்த் தொழிலாளி ஏறி இறங்கிய ஆறு வாசற்படிகளை நினைவில் வையுங்கள். ஏழாவதாக ஒரு படியை நம் ஊரில் எந்த ஏழையும் தேடி அலையலாகாது.